ஏழாம் பாகமும் மாங்கேணி அக்காவும்

மாங்கேணி அக்கா வீசிய புத்தகம் என் தையல் மெசினுக்கு மேலால் பறந்து போய்ச் சுவரில் பட்டு, வெட்டுத்துண்டுப் பெட்டிக்குள் விழுந்தது. சுவரைப் பார்த்து வீசினாவா, என்னைப் பார்த்து வீசினாவா என்று நான் இன்று வரைக்கும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அந்த ஏழாம் பாகத்தின் முடிவு நல்லா இருக்கு என்று அதற்குச் சற்று முன்னர் சொன்னது நான்தான்.

அவவுக்குக் கோபம் வருவது புதிதில்லை. கோபம் இல்லாத நேரத்தில் அவ எப்படி இருப்பா என்பதுதான் எங்களுக்குத் தெரியாது. சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரண நிறுவனம் எங்களைப் போல வீடிழந்த பெண்களுக்கு, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் தன்னாமுனையில் தையல் பழக்கி மெசினும் தந்தது. நிறுவனம் போய்விட்டது, பெரிய ரோட்டோரம் கடை மிஞ்சியது. துணி வெட்டுவது மாங்கேணி அக்கா. கத்தரிக்கோலை அவ பிடிக்கிற பிடியே சண்டைக்குப் போகிற பிடி. ஒருமுறை ஒரு தாய், மகளின் பள்ளிக்கூடச் சட்டையை நன்றாக இறுக்கித் தைக்கச் சொன்னா. "பிள்ளை கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்கக் கூடாதெண்டோ இப்பிடித் தைக்கச் சொல்லுறீங்க?" என்று அவவைத் துணியோடு திருப்பி அனுப்பிவிட்டா. பஸ்ஸில் தரிப்பிடம் தாண்டி இறக்கினால், இறங்கிப் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொள்ளுவா. "பின்னுக்கு எடு." பஸ் பின்னுக்கு வந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நிறுவனம் இருந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு அம்மா வந்தா. எங்கள் மனக்காயத்தை ஆற்ற வந்தவ என்றார்கள். எல்லோருக்கும் வெள்ளைக் கடதாசியும் கலர்ப் பென்சிலும் தந்து, "உங்கட மனசில இருக்கிற கடலைக் கீறுங்க" என்றா. நான் அழுதுகொண்டே நீலத்தை எடுத்தேன். என் மகள் நாலு வயதில் அந்தக் கடலோடு போனவள். நாவலடியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும்தான் மிஞ்சியது. தாழம்பற்றைக்குள் அவளைக் கண்டெடுத்துப் புதைத்தோம்.

மாங்கேணி அக்கா ஒரே ஒரு கோடு இழுத்தா. கடதாசியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மட்டும். அதை அந்த அம்மாவிடம் நீட்டினா.

"இதுதான் கடல். இப்ப சும்மா கிடக்கு. இத வெச்சு என்ன செய்யப் போறீங்க?"

அந்த அம்மா மெல்லிய குரலில், "கோபத்தை வெளியில விடுறது நல்லது" என்றா.

"வெளியிலதான் கா விட்டுக்கொண்டிரிக்கிறன். உங்களுக்குக் கேட்கல்லயா?"

அடுத்த கிழமை அந்த அம்மா வரவில்லை.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஏறாவூர்க்காரர் ஒருவர் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் அவரை நானா என்று கூப்பிடுவோம். இந்தியாவிலிருந்து வரும் கதைப் புத்தகங்களை வாடகைக்கும் விடுவார். அவரிடம்தான் அந்தத் தொடர் வந்துகொண்டிருந்தது. அதற்கு என்னமோ ஒரு பெரிய பெயர் இருந்தது, நாங்கள் புகைப் புத்தகம் என்றே சொன்னோம். உலகம் அழிந்து போய்விட்டது. நிலமெல்லாம் ஒரு வெள்ளைப் புகை மூடிக் கிடக்கிறது. அந்தப் புகைக்குள் செத்தவர்கள் திரும்பி வந்து, உயிரோடு இருக்கும் சொந்தக்காரரை அதே குரலில், அதே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் சொன்னால் ஆளைப் புகை விழுங்கிவிடும். அதனால் மிஞ்சிய சனம் ஆர் கூப்பிட்டாலும் வாய் திறப்பதில்லை. கதையில் வரும் பெண் முதலாம் பாகத்திலேயே தம்பியைப் புகைக்குள் தொலைத்துவிடுகிறாள். பிறகு ஒவ்வொரு பாகத்திலும் அவனுடைய குரல் எங்கேயோ இருந்து கேட்கும். உயிரோடு இருந்து கூப்பிடுகிறானா, செத்துப்போய்க் கூப்பிடுகிறானா? அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த ஒரு கேள்விதான் ஆறு பாகம்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மாங்கேணி அக்கா அதைச் சத்தமாக வாசிப்பா. நாங்கள் மெசினை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கையால் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்போம். பயங்கரமான இடம் வந்தால் அவ பயப்பட மாட்டா, பேசுவா. "மடச்சி, வெளிக்கிடாத எண்டு போன பாகத்திலயும் சொன்னனே!" என்று புத்தகத்துக்கு ஏசுவா. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் குரல் நின்றுவிடும். கண் வரியில் ஓடும், வாய் மூடியிருக்கும், பிறகு அடுத்த வரியிலிருந்து தொடங்குவா. கடையில் இருந்த வசந்தி என்ற பெட்டை ஒருநாள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அவ விட்டுவிட்டு வாசித்த வரி ஒன்றேதான். 'அக்கா, நான்தான்.'

தன் தம்பியைப் பற்றி அவ எனக்கு முழுதாகச் சொன்னது ஒரே ஒரு தரம். அதையும் சட்டைத்துணி வெட்டிக்கொண்டே சொன்னா, நிமிரவில்லை. முதலாம் பாகத்தை மட்டக்களப்புக்குப் போய் வாங்கி வந்தவன் அவன்தான். மாங்கேணியில் அவர்களுடைய வீட்டில் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்களாம். அவன் மெதுவாக வாசிப்பவன், பக்கம் புரட்ட விடமாட்டான், அதற்கும் சண்டை. சுனாமி அன்று தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு, இவவைக் கையில் இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியவன் அவன். வீடு புத்தகத்தோடு போய்விட்டது. ஆட்கள் மூன்று பேரும் மிஞ்சினார்கள்.

மறுகா, இரண்டு வருடம் கழித்து, வாகரைப் பக்கம் சண்டை வந்தது. சனம் காட்டுக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்த இடத்தில் ஆமிக்காரர் இளம் பொடியன்களை வேறாக நிறுத்தினார்கள். பெயர் பதிந்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"சன்னலுக்குள்ளால தலையப் போட்டு, அக்கா, அக்கா எண்டு கூப்பிட்டான் புள்ள. நான் என்ன செஞ்சன் தெரியுமா? பயப்படாத, போயிற்று வா எண்டு கையக் காட்டினன். பஸ்ஸுக்கு முன்னால போய் நிண்டிருக்கணும். கையக் காட்டினன்."

துணி வெட்டுப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது. நான் ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கும் ஏசியிருப்பா.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருவில் கொஞ்சப் பேர் பட்டாசு கொளுத்தினார்கள். எங்கள் கடையில் மெசின்கள் நிற்காமல் ஓடின. முகாம்களில் இருந்தும் தடுப்பில் இருந்தும் ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வந்த பஸ்களிலெல்லாம் மாங்கேணி அக்கா ஏறி இறங்கினா. அவன் வரவில்லை. பிறகு அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வந்து, காணாமல் போனவருக்கு மரண அத்தாட்சி எடுத்துக்கொள்ளலாம், அலுவல் சுகமாக முடியும் என்றார்கள். தாய் களைத்துப் போயிருந்தா. ஒரு நாளைக் குறித்து அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம், அவன் பசியோடு அலையக் கூடாது என்று அழுதா. "அவனுக்குப் பசிச்சா அவன் வந்து சாப்பிடுவான்" என்று சொல்லிவிட்டு மாங்கேணி அக்கா வேலைக்கு வந்துவிட்டா.

ஏழாம் பாகம் வந்தது அந்தக் கிழமையில்தான். அதுதான் கடைசிப் பாகம். நானா முதலில் வாசித்துவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என்ன தங்கச்சி அநியாயம் இது! ஆறு பாகமா மனிசன விழுங்கின புகை, ஏழாவதுல ஒரு காத்தடிச்சுப் போயிற்றாம். அந்தக் காத்து முதலாம் பாகத்தில எங்க போயிரிந்தது?"

வசந்திக்கு வேறு கோபம். இருபது வருடம் கழிந்தது என்று ஒரே வரியில் எழுதி, அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகளைக் காட்டுகிறான், கலியாணத்தைக் காட்டவில்லை. மாப்பிள்ளை ஆர் என்றே தெரியாது. நானாவிடம் புத்தகம் எடுக்கும், டியூசன் படிப்பிக்கும் சேர் ஒருவர், இப்போதுதான் இது இலக்கியம் ஆகியிருக்கிறது என்றார். வேறொருவர் வாடகைக்கு எடுத்த புத்தகத்தின் முன்பக்கத்தில் மறக்காமல் ஒரு கெட்ட வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்.

நான் வாசித்துவிட்டு அழுதேன். நிம்மதியாக அழுதேன். கடைசி அத்தியாயத்தில் புகை இல்லை, வெயில் இருக்கிறது. அந்தப் பெண் கடற்கரையில் உடுப்பு காயப்போடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி, "உங்களுக்குத் தம்பி ஒருத்தன் இருந்தானாமே?" என்று கேட்கிறாள். அவள் கடலைப் பார்த்துவிட்டு, "இருந்தான்" என்கிறாள். பிள்ளைகளுக்குச் சோறு போட உள்ளே போகிறாள். அவ்வளவுதான். கடற்கரையில் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்ச் சோறு போட என்னால் முடியுமா என்று யோசித்தேன். அந்தக் காலத்தில் நான் கடல் இருக்கும் பக்கம் தலையே திருப்புவதில்லை. அவளால் முடிகிறதே என்று இருந்தது. அதைத்தான் நல்ல முடிவு அக்கா என்று சொன்னேன்.

புத்தகம் பறந்தது.

"இருந்தான் எண்டு சொல்ல அவளுக்கு ஆரு கா உரிமை தந்தது? இரிக்கிறான் எண்டு ஏன் சொல்ல ஏலா? ஆறு பாகமாத் தேடினவள் காத்தடிச்சதும் விட்டுட்டாளா?"

"இருபது வருசம் அக்கா..."

"இருபது வருசமெண்டா? நீ பேசுவாய். உனக்கு மண் போடக் கிடைச்சது. உனக்குப் போய் அழ ஒரு குழி இரிக்கி."

மெசின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் எழும்பினேன். எனக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் கடைக்குத் தெரியும்.

"ஓம், கிடைச்சது. நாலு வயசுப் பிள்ளைட முகத்தில மண் போட்டுப் பாருங்க அக்கா. மறுகா வந்து என்னோட கதைங்க."

அவ கத்தரிக்கோலை மேசையில் வைத்தா. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அளவுத் துண்டை வசந்தியிடம் கொடுத்து, "அவளிட்டக் குடு" என்பா. நானும் வசந்தியிடம்தான் திருப்பிக் கொடுப்பேன். கடையில் வாசிப்பு நின்றுபோனது. பொத்தான் தைக்கும் நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவவுக்குத் துக்கம் இருக்கிறது என்பதற்காக என் துக்கத்தை ஏன் அளக்க வேண்டும்? இதை நினைத்து நினைத்து எரிந்தேன். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் வந்து போன பெரிய மனிதர்கள் எல்லோரும் எங்களை அப்படித்தான் அளந்தார்கள். இவ சுனாமி, அவ யுத்தம் என்று வேறு வேறு வரிசையில் நிற்க வைத்தார்கள். இவவுமா?

கொஞ்ச நாளில் நானா ஒரு செய்தி கொண்டுவந்தார். புகைப் புத்தகம் எழுதியவர் இந்தியாவிலிருந்து வருகிறாராம், ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் வாசகர் கூட்டமாம். "நான் அந்தக் காத்தப் பத்திக் கேட்காம விட மாட்டன்" என்றார். மாங்கேணி அக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை எடுக்காமல், "ஞாயிறு எத்தின மணிக்கு?" என்று கேட்டா.

நானா, வசந்தியோடு நாங்கள் நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நானும் அவவும் வேறு வேறு சீற்றில். மண்டபம் நிறைந்திருந்தது. எழுத்தாளர் வெள்ளைச் சட்டையோடு, நல்ல மரியாதையான ஆளாகத்தான் தெரிந்தார். தலைமை தாங்கியவர் நெடுநேரம் பேசினார். டியூசன் சேர் எழும்பிப் பக்குவம், முதிர்ச்சி என்று பாராட்டினார். பிறகு நானா எழும்பிக் காற்றைப் பற்றிக் கேட்டார்.

எழுத்தாளர் சிரித்தார். "காற்று ஒரு குறியீடுங்க."

"குறியீடு புகையைக் கலைக்குமா ஐயா?"

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்க முந்தி மாங்கேணி அக்கா எழும்பிவிட்டா.

"ஐயா, அவளுட தம்பி எங்க?"

"அதை வாசகர் கையில விட்டுட்டேம்மா. நீங்களே முடிவு பண்ணிக்கலாம்."

"எங்கட கையில அது ஏற்கனவே இரிக்கி ஐயா. அத உங்களிட்ட ஆரும் தரச் சொல்லிக் கேட்கல்ல. நீங்க தொலைச்ச பிள்ளைய நீங்கதான் தேடணும்."

தலைமை தாங்கியவர் உட்காரச் சொன்னார். அவ நின்றா. எழுத்தாளர் கையை உயர்த்தி அவரை மறித்துவிட்டு, இரக்கமான குரலில் சொன்னார். "உங்க வலி எனக்குப் புரியுதும்மா. அவ தம்பியை மறந்துட்டா. அதுதான் நான் சொல்ல வந்தது. மறதி ஒரு வரம். இவ்வளவு அழிவைப் பார்த்த உங்க மக்களுக்கும் இப்ப தேவை அதுதான்."

கொஞ்சப் பேர் கை தட்டினார்கள். கை தட்டியவர்களும் எங்கள் ஊர்ச் சனம்தான்.

நான் எப்போது எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. என் குரல் மண்டபத்தில் கேட்டது.

"ஆரு ஐயா மறந்தது? அவள் இருந்தான் எண்டெல்லோ சொல்லுறாள்! மறந்தவள் அப்பிடிச் சொல்லுவாளா? நீங்க எழுதினத நீங்களே வாசிக்கல்லயா? என்ட பிள்ளையை நான் புதைச்சனான். புதைச்சவளும் மறக்கல்ல."

எழுத்தாளரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். மாங்கேணி அக்கா அதைக் கேட்க நிற்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தா. கை வலித்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. மட்டக்களப்பு டவுனும் வாவியும் எங்களுக்குப் பின்னால் போய், ஏறாவூர்ப் பக்கம் திரும்பிய பிறகுதான் வாய் திறந்தா.

"உனக்கு இன்னும் அந்த முடிவு பிடிச்சிரிக்கா?"

"ஓம்."

"எனக்குப் பிடிக்கல்ல."

"தெரியும் அக்கா."

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றா. அதையும் கோபமாகத்தான் சொன்னா.

அதற்கடுத்த வருடம் நானும் என் புருசனும் உன்னிச்சைக்குக் குடிபோனோம். அங்கே அவருடைய தகப்பனின் வயல் காணி இருந்தது. கடல் இல்லை, குளம்தான். எனக்கு அது போதும். மாங்கேணி அக்காவின் தாய் செத்துப்போனா என்றும், அக்கா தம்பிக்கு மரண அத்தாட்சி எடுக்கவே இல்லை என்றும் வசந்தி சொல்லித்தான் தெரியும். பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். நான் மாங்கேணி அக்காவுக்கு அறிவிக்கவில்லை. ஏனென்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. புதுப் பிள்ளையோடு அவ முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது.

எப்படியோ கேள்விப்பட்டு ஒருநாள் வெயிலுக்குள் வந்து இறங்கினா. தலை நரைத்திருந்தது. வாசலில் நின்றே தொடங்கிவிட்டா.

"ஏன் கா எனக்குச் சொல்லல்ல? நான் என்ன நினைப்பன் எண்டு பயந்த நீ? பழைய பிள்ளைய மறந்துபோட்டாய் எண்டு சொல்லுவன் எண்டா?"

"இல்ல அக்கா..."

"பொய் சொல்லாத. இந்தச் சட்டைய ஆரு தைச்சது? கழுத்து இறுக்குது பிள்ளைக்கு. கத்தரிக்கோல எடு."

கழுத்தை வெட்டி, மடித்து, கையாலேயே தைத்துப் பிள்ளைக்குப் போட்டா. மீன்குழம்போடு சோறு சாப்பிட்டா. உப்பு குறைவு என்றா. போகும்போது, "நாளைக்குக் கந்தோருக்கு முன்னால இரிக்கிறம். காணாமப் போன பிள்ளையளுட ஆக்கள் எல்லாரும். நீ வரத் தேவையில்ல, உனக்குப் பச்சைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினா.

நான் போனேன்.

ரோட்டோரம் பாய் விரித்துத் தாய்மார் வரிசையாக இருந்தார்கள். ஆளுக்கொரு படம் கையில். மாங்கேணி அக்கா என்னைக் கண்டதும் ஏசவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு கையிலிருந்த படத்தை என்னிடம் தந்தா. அத்தனை வருடம் பழகியும் நான் அவனைப் பார்த்தது அன்றைக்குத்தான். மீசை சரியாக முளைக்காத முகம். பல்லுக் கொஞ்சம் முன்னால். நான் படத்தை நேராகப் பிடித்துக்கொண்டு பாயில் இருந்தேன்.

கந்தோர் வாசலிலிருந்து ஒரு அதிகாரி வெளியே வந்தார். களைத்த மனுசன், குடை பிடித்திருந்தார். "அம்மா, இத்தின வருசமாப் போச்சு. இனி எங்களை என்னதான் செய்யச் சொல்லுறீங்க?" என்று கேட்டார்.

"தேடச் சொல்லுறன்" என்றா மாங்கேணி அக்கா. "வேற என்ன? தேடச் சொல்லுறன்."

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ விடவில்லை. என்ன மனுசன் நீங்க, உங்களுக்குப் பிள்ளை இல்லையா, இந்தக் கதிரையில எதுக்கு இரிக்கிறீங்க என்று குரலை இன்னும் உயர்த்தி, ஒரு கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி ஏசிக்கொண்டே இருந்தா. மற்றக் கையில் என் மகள் இருந்தாள். அந்தச் சத்தத்துக்குள் அவள் அவவின் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிப் போனாள்.